'ஷி இஸ் ஹேப்பி': இதில் 'ஹேப்பி' ஏன் அட்வெர்ப் இல்லை?

மறுபடியும் மாணவி:

எல்லாருக்கும் வணக்கம். எனக்கு வயசு 41. ஆபீஸில் பதவி உயர்வுக்கு ஒரு தேர்வு எழுத வேண்டியிருக்கு, அதில் ஆங்கில இலக்கணமும் உண்டு. இலக்கணம் என்று நான் கடைசியாகப் படித்தது பத்தாம் வகுப்பில். இப்போது ராத்திரி வீட்டில் எல்லாரும் தூங்கின பிறகு பயிற்சிப் புத்தகத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன்.

அடிக்கோடிட்ட சொல் என்ன வகை என்று எழுத வேண்டும். 40 கேள்வி. விடைப் பக்கத்தைப் புரட்டினால் 13 தப்பு. வாயில் நுழையாத வார்த்தைகளில் தப்பு வந்திருந்தால் மனசு ஆறியிருக்கும். தப்பானதெல்லாம் ஹேப்பி, ஹோம், ஸ்டோன், மை, தட். குழந்தைகளுக்கும் அர்த்தம் தெரிந்தவை.

பள்ளியில் ஒரு டீச்சர் சொல்லிக்கொடுத்த வழியைத்தான் இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறேன். வாக்கியத்தைத் தமிழில் சொல்லிப் பார். 'ஆன' வந்தால் அட்ஜெக்டிவ் (பெயரடை), 'ஆக' வந்தால் அட்வெர்ப் (வினையடை). 'எ பியூட்டிஃபுல் சாங்' என்றால் அழகான பாட்டு, 'ஷி சிங்ஸ் பியூட்டிஃபுலி' என்றால் அழகாகப் பாடுகிறாள். இதுவரைக்கும் சரி. அதே வழியில் போனால் 'ஷி இஸ் ஹேப்பி' என்பது "அவள் சந்தோஷமாக இருக்கிறாள்". 'ஆக' பளிச்சென்று தெரிகிறது. அட்வெர்ப் என்று எழுதினேன். விடை அட்ஜெக்டிவ்!

'ஐ வென்ட் ஹோம்': வீடு என்பது பொருளின் பெயர், அதனால் நவுன் என்றேன். விடை அட்வெர்ப். 'எ ஸ்டோன் வால்' (கல் சுவர்): கல்லும் பொருளின் பெயர்தானே, நவுன் என்றேன். விடை அட்ஜெக்டிவ். 'மை புக்'கில் வரும் 'மை' ப்ரொனவுன் இல்லையாம், அட்ஜெக்டிவாம். இன்னொரு புத்தகத்தில் அதையே டிட்டர்மினர் (நவுனுக்கு முன்னால் நின்று எது, யாருடையது என்று குறிக்கும் சொல்) என்று போட்டிருக்கிறான். ஒரே சொல்லுக்கு மூன்று பெயரா?

என் பொண்ணு ஒன்பதாவது படிக்கிறாள். "மனப்பாடம் பண்ணிடும்மா, யோசிச்சா தப்பாயிடும்" என்கிறாள். எனக்கு அந்த வயசு தாண்டிப்போச்சு. புரிந்தால்தான் மண்டையில் நிற்கும். யாராவது கொஞ்சம் பொறுமையாகச் சொல்வீர்களா?

வேகத்தடை:

சிம்பிளா சொல்றேன். 'லி'ன்னு முடிஞ்சா அட்வெர்ப். 'ஃபுல்', 'லெஸ்', 'அஸ்'ன்னு முடிஞ்சா அட்ஜெக்டிவ். 'நெஸ்', 'ஷன்', 'மென்ட்' வந்தா நவுன். மிச்சம் ஒரு 100 வார்த்தையை லிஸ்ட் போட்டு மனப்பாடம். உங்க பொண்ணு சொல்றதுதான் சரி அக்கா. நான் அப்படித்தான் பாஸ் பண்ணேன்.

சிவப்பு மை:

அம்மா, நான் இருபத்தெட்டு வருஷம் இலக்கண விடைத்தாள் திருத்தியவன். நீங்கள் எழுதிய 13 தப்பையும் ஆயிரம் தாள்களில் பார்த்திருக்கிறேன். தமிழை ஒழுங்காக யோசிக்கிறவர்கள் செய்கிற தப்புகள் இவை. அலட்சியத்தில் வரும் தப்பு வேறு மாதிரி இருக்கும், அது திருத்துகிறவனுக்குக் கண்ணில் பட்டவுடனே தெரிந்துவிடும்.

வேகத்தடை தம்பி சொன்ன வால்களில் 'நெஸ்', 'ஷன்', 'மென்ட்' பெரும்பாலும் கைகொடுக்கும். 'லி'யை மட்டும் நம்பாதீர்கள். 'ஃப்ரெண்ட்லி', 'லவ்லி', 'லோன்லி' மூன்றும் அட்ஜெக்டிவ். இன்னொரு பக்கம் 'ஃபாஸ்ட்', 'ஹார்டு' இரண்டும் வால் எதுவும் இல்லாமலே அட்வெர்பாக நிற்கும். நீங்கள் தடுக்கி விழுவது இந்த வாலில்லாச் சொற்களில்தான். பட்டியல் அங்கே உதவாது.

முதலில் தமிழில் ஒன்று கேட்கிறேன். 'ஓடு' என்ன வகைச் சொல்?

"சீக்கிரம் ஓடு" என்றால் வினை. "ஓடு உடைந்துவிட்டது" என்றால் பெயர். "தம்பியோடு வந்தான்" என்றால் அது வேற்றுமை உருபு, இடைச்சொல். வாக்கியம் இல்லாமல் 'ஓடு' என்ன வகை என்று யாராவது கேட்டால் நீங்கள் அவரை ஏற இறங்கப் பார்ப்பீர்கள். ஆங்கிலத்தில் இந்த 'ஓடு' மாதிரிச் சொற்கள் தெருவுக்கு நாலு. 'ஹோம் என்ன வகை?' என்ற கேள்வியே பாதிக் கேள்விதான்.

தமிழில் பெரும்பாலும் சொல்லின் வாலைப் பார்த்தே வேலை தெரிந்துவிடும். அழகு, அழகான, அழகாக. ஐ, ஆல், கு என்று உருபுகளும் ஒட்டிக்கொண்டு வரும். அதனால் சொல்லை எங்கே தூக்கிப் போட்டாலும் பொருள் கெடாது. "ராமனைப் பாம்பு கடித்தது", "பாம்பு ராமனைக் கடித்தது": கடிபட்டவன் ராமன்தான், மாறவில்லை. ஆங்கிலத்தில் இடத்தை மாற்றினால் ராமன் பாம்பைக் கடித்துவிடுவான். அங்கே வால் குறைவு, உட்காரும் இடம்தான் வேலையைச் சொல்கிறது. ஆகவே சொல்லையே முறைத்துக்கொண்டிருக்காமல் அதற்கு முன்னாலும் பின்னாலும் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பாருங்கள்.

'ரவுண்ட்' என்ற ஒரே சொல்லை எடுத்துக்கொள்வோம்.

'வி லாஸ்ட் த ஃபர்ஸ்ட் ரவுண்ட்.' முன்னால் 'த' இருக்கிறது, 'ரவுண்ட்ஸ்' என்று பன்மை ஆக்கலாம். நவுன்.

'எ ரவுண்ட் டேபிள்.' 'எ'வுக்கும் 'டேபிள்' என்ற நவுனுக்கும் நடுவில் சிக்கிக்கொண்டு, மேசை எப்படிப்பட்டது என்று சொல்கிறது. அட்ஜெக்டிவ்.

'வி ரவுண்டட் த கார்னர்.' காலம் காட்டுகிறது. வெர்ப்.

'ஹி ரேன் ரவுண்ட் த ட்ரீ.' பின்னால் 'த ட்ரீ' தொங்குகிறது. அதை வெட்டிவிட்டால் எதைச் சுற்றினான் என்ற கேள்வி அந்தரத்தில் நிற்கும். ப்ரிபொசிஷன்.

'ஹி டர்ண்ட் ரவுண்ட்.' பின்னால் யாருமில்லை, எப்படித் திரும்பினான் என்று மட்டும் சொல்கிறது. அட்வெர்ப்.

வெர்பில் ஒட்டிய காலம் காட்டும் வாலைத் தவிர, ஐந்து இடத்திலும் எழுத்து ஒன்றுதான், உச்சரிப்பும் ஒன்றுதான். கடைசி இரண்டையும் திரும்பப் படித்துப் பாருங்கள். ப்ரிபொசிஷனுக்கு ஒரு நவுன் கடன்பட்டிருக்கும், அட்வெர்புக்கு அந்தக் கடன் கிடையாது. (அட்வெர்ப் என்பது உண்மையில் வீட்டுப் பரண். வேறு எங்கேயும் வைக்க முடியாததையெல்லாம் இலக்கணக்காரர்கள் அங்கே ஏற்றிவிட்டார்கள். 'வெரி', 'நாட்', 'எஸ்டர்டே', 'குயிக்லி' நான்கும் ஒரே பரணில் கிடக்கின்றன. இவற்றுக்குள் என்ன சொந்தம் என்று கேட்டால் என்னிடம் நல்ல பதில் இல்லை.)

இப்போது உங்கள் 'ஹேப்பி'. உங்கள் டீச்சரின் ஆன–ஆக வழி நல்ல வழிதான், ஆனால் அதில் ஒரு குழி இருக்கிறது. ஆங்கிலத்தில் 'இஸ்' வெறும் பாலம்; 'ஷி'யையும் 'ஹேப்பி'யையும் இணைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது. சந்தோஷம் அவளைப் பற்றியது, அதனால் அட்ஜெக்டிவ். தமிழில் 'இரு' என்பது கை கால் உள்ள முழு வினை. அதோடு சேர நாம் 'ஆக' போட்டாக வேண்டும். "சந்தோஷமான இருக்கிறாள்" என்று சொல்ல முடியாதே. ஆங்கிலம் அட்ஜெக்டிவ் வைக்கிற இடத்தில் தமிழ் வினையடை வைக்கிறது, உங்கள் சோதனை தமிழுக்கு விடை சொல்லிவிடுகிறது.

இந்தக் குழியைக் கண்ணால் பார்க்க ஒரு ஜோடி:

'ஹி லுக்ட் ஆங்ரி.' கோபமாகத் தெரிந்தான்.
'ஹி லுக்ட் அட் மீ ஆங்ரிலி.' என்னைக் கோபமாகப் பார்த்தான்.

தமிழில் இரண்டும் 'கோபமாக'. ஆங்கிலத்தில் முதலாவது அட்ஜெக்டிவ், இரண்டாவது அட்வெர்ப். எப்படிப் பிரிப்பது? 'லுக்ட்' இருக்கும் இடத்தில் 'வாஸ்' போட்டுப் பாருங்கள். 'ஹி வாஸ் ஆங்ரி' சரியாக உட்காருகிறது. அப்படியானால் 'லுக்ட்' அங்கே பாலம். 'ஹி வாஸ் அட் மீ ஆங்ரிலி' என்று ஒரு வாக்கியம் உலகத்தில் இல்லை. அங்கே 'லுக்ட்' நிஜமாகவே பார்க்கிற வேலை செய்கிறது. சீம், ஃபீல், ஸ்மெல், டேஸ்ட், சவுண்ட், பிகம், ரிமெய்ன் எல்லாம் இந்தப் பாலம் போடும் கூட்டம். 'த ஃப்ளவர் ஸ்மெல்ஸ் ஸ்வீட்' என்பதில் 'ஸ்வீட்லி' வராததும் இதனால்தான். பூ மூக்கை வைத்து எதையும் மோந்து பார்க்கவில்லை.

டீச்சரின் வழியை விட்டுவிட வேண்டாம். தமிழ் வாக்கியத்தில் 'ஆக'வுக்குப் பக்கத்தில் இரு, தெரி, தோன்று, ஆகு வந்தால் மட்டும் பேனாவைக் கீழே வைத்துவிட்டு 'வாஸ்' சோதனை செய்யுங்கள்.

'ஹோம்': 'ஐ வென்ட் டு ஸ்கூல்' என்று சொல்ல 'டு' வேண்டும். 'ஐ வென்ட் ஹோம்' என்பதில் 'டு' இல்லை, போட்டால்தான் தப்பு. 'ஐ வென்ட் தேர்' என்பதிலும் இல்லை. ஆக 'ஹோம்' உட்கார்ந்திருப்பது 'தேர்' உட்காரும் நாற்காலியில். அட்வெர்ப். 'த ஹோம் இஸ் எம்ப்டி' என்று வந்தால் அதே சொல் நவுன். "வீட்டுக்கு" என்ற தமிழ்ச் சொல்லில் 'கு' ஒட்டியிருப்பதால் உள்ளே பெயர் இருப்பது உங்களுக்குத் தெரிந்துவிடுகிறது, அதுதான் ஏமாற்றியது.

'ஸ்டோன்' விஷயத்தில் நான் உங்கள் கட்சி. தமிழில் 'பொற்குடம்' என்றால் பொன் பெயர்தான். பொன்னால் ஆகிய குடம், மூன்றாம் வேற்றுமைத் தொகை என்று விரிப்போம். 'ஸ்டோன் வால்' அப்படித்தான். 'வெரி ஸ்டோன்' என்று சொல்ல முடியாது. 'வெரி ரவுண்ட்' முடியும், 'வெரி ஆங்ரி' முடியும். அதனால் இன்றைய இலக்கணக்காரர்கள் பலர் இதை இன்னொரு நவுனுக்கு அடையாக வந்த நவுன் என்பார்கள். பழைய பாடப்புத்தக மரபு, நவுனுக்கு முன்னால் நின்று அதை விவரித்தாலே அட்ஜெக்டிவ் என்று முத்திரை குத்திவிடும்.

'மை'யின் கதையும் இதுதான். சொல் மாறவில்லை, முத்திரை குத்துகிறவர்கள் மாறினார்கள். மரபுவழிப் புத்தகம் பொசெசிவ் அட்ஜெக்டிவ் என்னும், புதியது டிட்டர்மினர் என்னும். 'மை', 'த', 'திஸ்', 'எவ்ரி' எல்லாம் ஒரே நாற்காலிக்குப் போட்டி போடுகின்றன. 'த மை புக்' என்று இரண்டு பேரை உட்கார வைக்க முடியாது. அட்ஜெக்டிவ்களை அடுக்கிக்கொண்டே போகலாம், 'எ பிக் ரவுண்ட் டேபிள்' மாதிரி. அதனால் தனி வகை வேண்டும் என்பது புதியவர்கள் வாதம், எனக்கு அது நியாயமாகப் படுகிறது. ப்ரொனவுன் என்று நீங்கள் எழுதியதற்கு மட்டும் மார்க் போட மாட்டேன். "என் புத்தகம்" வேறு, "புத்தகம் என்னுடையது" வேறு. 'மை' முன்னது, 'மைன்' பின்னது. நவுன் இருக்க வேண்டிய நாற்காலியில் தனியாக உட்காருவது 'மைன்'தான்.

ஆங்கிலச் சொற்கள் எட்டு வகை என்று பள்ளியில் சொல்லிக்கொடுப்பதைக் கல்வெட்டாக நினைக்க வேண்டாம். பழைய கிரேக்க இலக்கணத்தில் எட்டு வகை. அதில் ஆர்ட்டிகிள் (ஆங்கில 'எ', 'த' மாதிரி) தனி வகை, பார்ட்டிசிபிள் (வினையிலிருந்து பிறந்து அட்ஜெக்டிவ் வேலை பார்க்கும் சொல்) தனி வகை, அட்ஜெக்டிவ் நவுனுக்குள் அடக்கம். லத்தீனில் ஆர்ட்டிகிள் கிடையாது; அதை எடுத்துவிட்டு இன்டர்ஜெக்ஷனை (ஆ, ஐயோ மாதிரி உணர்ச்சிச் சொல்) சேர்த்தார்கள், மறுபடியும் எட்டு. பிறகு ஆங்கிலத்துக்கு வந்தபோது பார்ட்டிசிபிள் போய் அட்ஜெக்டிவ் தனிக்குடித்தனம் வந்தது, அப்போதும் எட்டு. ஆட்கள் மாறிக்கொண்டே இருக்க, எட்டு நாற்காலி மட்டும் அப்படியே போட்டிருக்கிறது. நாம் பெயர், வினை, இடை, உரி என்று நான்கோடு நிறுத்திக்கொண்டோம்.

வேகத்தடை:

ஐயா, 'வாஸ்' போட்டுப் பார்க்கிற ட்ரிக் எனக்கு யாரும் சொன்னதில்லை. ஆனா பரீட்சையில 'ஸ்டோன்'க்கு என்ன எழுதணும்? நியாயத்தை எழுதணுமா, மார்க்கை எழுதணுமா?

சிவப்பு மை:

உங்கள் விடைத்தொகுப்பு 'மை'யை அட்ஜெக்டிவ் என்கிறதா, டிட்டர்மினர் என்கிறதா என்று பாருங்கள். அட்ஜெக்டிவ் என்றால் அது பழைய மரபு. 'ஸ்டோன்'னையும் அட்ஜெக்டிவ் என்று எழுதிவிட்டு வாருங்கள். எழுதும்போது எனக்கு வயிறு எரியும், பரவாயில்லை.

நீச்சல் தெரியாதவன்:

நான் மொழிபெயர்ப்பு வேலை பார்க்கிறவன், இலக்கணம் முறையாகப் படித்ததில்லை. 'இங்' என்று முடியும் சொற்களைப் பற்றி யாரும் சொல்லவில்லையே என்று எழுதுகிறேன். அங்கே தமிழ் ஏமாற்றாது, உதவும்.

'ஹி இஸ் ரன்னிங்': ஓடுகிறான். வினைமுற்று, அதனால் வெர்ப். 'ரன்னிங் வாட்டர்': ஓடும் தண்ணீர். பெயரெச்சம், அட்ஜெக்டிவ் வேலை. 'ரன்னிங் இஸ் குட் ஃபார் யூ': ஓடுவது, ஓட்டம். தொழிற்பெயர், நவுன் வேலை, அவர்கள் ஜெரண்ட் என்கிறார்கள். ஆங்கிலம் மூன்றுக்கும் ஒரே 'இங்' போட்டுவிட்டுக் கையைக் கழுவிக்கொள்கிறது, தமிழ் மூன்றையும் தனித்தனியாகக் காட்டுகிறது.

எனக்குப் பிடித்த ஜோடி 'ஸ்விம்மிங் ஃபிஷ்', 'ஸ்விம்மிங் பூல்'. பார்க்க ஒரே அச்சு. மீன் நீந்தும், குளம் நீந்துமா? நாம் நீந்தும் மீன் என்கிறோம், ஆனால் நீச்சல் குளம் என்கிறோம். நம் வாய் இலக்கணம் படிக்காமலே பிரித்துவிடுகிறது. 'ஸ்லீப்பிங் பேபி', 'ஸ்லீப்பிங் பில்' ஜோடியையும் இப்படிச் சொல்லிப் பாருங்கள்.

இன்னொன்று, சத்தமாகப் படிக்க முடிந்தால். 'ரெக்கார்ட்', 'ப்ரெசென்ட்', 'ஆப்ஜெக்ட்' மாதிரி இரண்டு அசைச் சொற்களில் முதல் அசையை அழுத்தினால் நவுன், இரண்டாவதை அழுத்தினால் வெர்ப். 'ப்ரெசென்ட்' அட்ஜெக்டிவாக வந்தாலும் அழுத்தம் முதலில்தான். எல்லாச் சொல்லுக்கும் இது பொருந்தாது, 'ஆன்சர்' எப்படி வந்தாலும் முதல் அசைதான். தேர்வு அறையில் வாய்விட்டுப் படித்தால் வெளியே அனுப்பிவிடுவார்கள், வீட்டிலேயே பழகிக்கொள்ளுங்கள்.

மறுபடியும் மாணவி:

எல்லாருக்கும் பெரிய நன்றி. நேற்று ராத்திரி பழைய விடைகளைப் பார்க்காமல் அதே 40 கேள்வியை மறுபடி போட்டேன். இந்தத் தடவை 4 தப்பு. 'வாஸ்' போட்டுப் பார்க்கும் சோதனையில் மட்டும் 5 கேள்வி தேறிவிட்டது. பென்சிலால் ஒவ்வொரு சொல்லுக்கும் முன்னும் பின்னும் சின்ன நாற்காலி வரைந்து வைத்தேன், பக்கம் பூரா கல்யாண மண்டபம் மாதிரி ஆகிவிட்டது.

ஐயா, இன்னும் 'தட்' மட்டும் உதைக்கிறது. அது ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு வேஷத்தில் வருகிறது. 'இட் இஸ் நாட் தட் ஹார்டு' என்று ஒரு வாக்கியம். 'தட்' என்றால் 'அது'தானே? ப்ரொனவுன் என்று எழுதினேன், தப்பு. 'ஹார்டு' எப்போதும் அட்ஜெக்டிவ்தானா என்றும் சந்தேகம்.

சிவப்பு மை:

'தட்' பழைய குற்றவாளி. 'தட் இஸ் மைன்' என்றால் "அது", ப்ரொனவுன். 'தட் புக்' என்றால் "அந்த". நவுனோடு ஒட்டி நிற்கிறது, உங்கள் புத்தகத்தில் அட்ஜெக்டிவ். 'ஐ நோ தட் ஹி கேம்' என்றால் "வந்தான் என்று". நம் 'என்று' செய்கிற வேலை, கன்ஜங்ஷன். 'த புக் தட் ஐ பாட்' என்றால் "நான் வாங்கிய புத்தகம்"; தமிழில் அதற்குத் தனிச் சொல்லே இல்லை, பெயரெச்சம் விழுங்கிவிடுகிறது, விடைத்தாளில் ரிலேட்டிவ் ப்ரொனவுன் என்று எழுதுங்கள். உங்கள் வாக்கியத்தில் "அவ்வளவு" கடினம் இல்லை என்று பொருள். எவ்வளவு கடினம் என்று அளவு சொல்கிறது, 'வெரி' உட்காரும் இடம், ஆகவே அட்வெர்ப். அது, அந்த, என்று, அவ்வளவு: தமிழில் நான்கு வேறு சொற்கள், அதனால் 'தட்' விஷயத்தில் உங்கள் டீச்சர் சொன்ன மாதிரி தமிழில் சொல்லிப் பார்ப்பதே போதும்.

'ஹார்டு' அந்த வாக்கியத்தில் அட்ஜெக்டிவ், 'இஸ்' பாலம் போட்டிருக்கிறது. 'ஷி வொர்க்ஸ் ஹார்டு' என்றால் அட்வெர்ப். அங்கே யாராவது வால் ஒட்டி 'ஷி ஹார்ட்லி வொர்க்ஸ்' என்று எழுதிவிட்டால் அவள் வேலையே செய்வதில்லை என்று ஆகிவிடும். பதவி உயர்வு விண்ணப்பத்தில் ஜாக்கிரதை.

மறுபடியும் மாணவி:

அந்த வாக்கியத்தைப் பொண்ணிடம் கொடுத்தேன். 'ஹார்ட்லி'யைப் பார்த்ததும் "லி வந்திருக்கு, கடினமா உழைக்கிறாள்" என்று எழுதினாள். நாற்காலி எல்லாம் வரைந்து விளக்கியாயிற்று. இப்போது மனப்பாட லிஸ்ட்டைக் கிழிக்கலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறாள். அடுத்த பக்கம் 'ஏஸ்' என்று ஆரம்பிக்கிறது, 12 வாக்கியம். நாளைக்குத் திரும்ப வருகிறேன் ஐயா.